பழங்கைத்துப்பாக்கிக் குழலில் முன்குறி பொருத்திய முறை

பழங்கைத்துப்பாக்கிகளை ஆராய்வோர் அவற்றின் பொறியமைப்பையும் செய்தோன் முத்திரையையும் நோக்கும் அளவிற்குக் குழல்வாயருகே நிற்கும் சிறு முளையை நோக்குவதில்லை. குறிபார்த்தற்கு உதவும் அதனை ஈண்டு முன்குறி என வழங்குவோம். அது குழலோடு இணைந்த முறையை அறியின், கருவி பண்டை நிலையில் உள்ளதா, பிற்காலத்தார் கைப்பட்டதா என ஒருவாறு துணியலாம் என்பது எம் கருத்து.

சட்டைப்பையில் அடங்கும் சிறு துப்பாக்கிகட்குப் பெரும்பாலும் முன்குறி இல்லை. கைக்கெட்டும் தொலைவிற் சுடுவார்க்கு அஃது எற்றுக்கு? இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராபர்ட்டு வாக்டன் முதலியோர் செய்த தனிப்போர்த் துப்பாக்கிகளின் நிலை வேறு. இரு குறிகட்கும் இடையே 10 அங்குலம் இருப்பின், முன்குறி அங்குலத்தின் 36இல் ஒரு பங்கு பிறழினும் 10 கெசத்திற் குண்டு ஏறத்தாழ ஓர் அங்குலம் விலகும். ஓர் அங்குலத்தில் உயிர் போதலும் நிற்றலும் உண்டு.

ஆதலின், திருத்தற்கு இடந்தரும் பொருத்து வேண்டப்பட்டது. குழலின் மேல்முகத்தில் அடி அகன்று வாய் ஒடுங்கிய காடி ஒன்றைக் குறுக்கே அரத்தால் வெட்டி, அதற்கொத்த அடியுடைய முன்குறியைப் பக்கத்திலிருந்து தட்டிச் செலுத்துவது அத்தகையது. இதற்கு நெருப்பு வேண்டா. சுட்டுப் பார்த்தபின் முளையைச் சிறிது வலப்புறம் தட்டின் குண்டு இடப்புறம் செல்லும். முளையின் தலையை அராவிக் குறைப்பின் குண்டு மேலே செல்லும். எனினும் காடி குழற்சுவரின் கனத்தைக் குறைப்பது. தடித்த எண்பட்டைக் குழல் அதனைத் தாங்கும். மெல்லிய குழல் தாங்காது.

மெல்லிய குழலுக்குப் பற்றாசே துணை. வெண்காரம் இட்டுப் பித்தளையாலோ வெள்ளிக் கலவையாலோ பற்றவைப்பின் பிணைப்பு வலிதாம். ஆயின் அவ்வெம்மை குழலின் மேனிநிறத்தைக் கெடுக்கும். எனவே அவ்வேலை நிறமூட்டற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 200 பாகை செண்டிகிரேடுக்குள் உருகுவது. நிறமூட்டிய குழலிலும் பிற்காலத்தார் எளிதிற் கையாளத்தக்கது.

அமெரிக்காவில் கோல்ட்டு நிறுவனத்தார் 1851ஆம் ஆண்டு நேவி சுழல்துப்பாக்கியில் இன்னும் எளிய வழியை மேற்கொண்டனர். குழலில் துளையிட்டுச் சிறு பித்தளை முளையை நட்டனர்; பின்குறியோ சுத்தியலின் மூக்கில் வெட்டிய பள்ளமே. ஆயிரக்கணக்கில் எந்திரத்தாற் செய்வார்க்கு இதுவே ஏற்றதாயிற்று போலும்.

பற்றாசு காணப்படும் குழலெல்லாம் பிற்காலத்துத் திருத்தம் பெற்றதெனச் சிலர் முடிவு கட்டுவர். அது பொருந்தாது, பற்றாசு பண்டையோர்க்கும் கைவந்ததே. பற்றாசு முளையின் பின்னே அடைக்கப்பட்ட வெறுங்காடி தென்படின், அல்லது முளையைச் சூழ்ந்து மட்டும் குழலின் நிறம் மாறியிருப்பின், அப்போதே ஐயம் வலுப்பெறும். குழலின் நுனி அறுத்துக் குறுக்கப்பட்டதாயின் பழைய முன்குறி அதனோடே போயிருக்கும். அங்ஙனம் ஐயுறுங்கால் இணைத்துப்பாக்கியின் குழலை அளந்து ஒப்புநோக்குதல் தகும்.