ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்

1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவா நகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில், இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனத்தார் தம் ‘இ-டைப்’ வண்டியை முதன்முதலாக உலகுக்குக் காட்டினர். 3.8 லிட்டர் யந்திரம்; 265 குதிரைச் சக்தி; மணிக்கு 150 மைல் வேகம் என்பது அவர்கள் கூற்று. வண்டியின் வடிவை வகுத்த மால்கம் சேயர் விமானத் தொழிலில் பயின்றவர். லெமான் பந்தயத்தில் 1955 முதல் மூன்றாண்டு தொடர்ந்து வென்ற ‘டி-டைப்’ வண்டியும் அவர் வகுத்ததே. பந்தய வண்டி நெரிசலில் நிற்பதில்லை. அதன் மரபில் வந்த இ-டைப்பிற்கும் காற்று உட்புகும் வாய் சிறியதாகவே அமைந்தது. திறந்த சாலையில் அது போதும். நகரத்துத் தெருவில்தான் தொல்லை.

காரணத்தைப் பார்ப்போம். எரிபொருளின் ஆற்றலில் சிறுபகுதியே வண்டியை நகர்த்துகிறது. எஞ்சியதில் ஒரு பெரும்பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும்பகுதியை யந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. வண்டி ஓடினால் காற்று தானே வரும், நின்றால் வராது.

இது பழைய தொல்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் நீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டேயிருக்கும். 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் 8,070 சிறு சதுரக் குழாய்களை அடுக்கித் தேனடை போன்ற ரேடியேட்டரை அமைத்தார். மெல்லச் செல்லும்போதும் காற்றை இழுக்க அதன் பின்னே விசிறி ஒன்றையும் வைத்தார். பின்னர் வந்த வண்டிகள் பலவற்றில் யந்திரமே விசிறியைச் சுழற்றியது. யந்திரம் தளர்ந்து சுழன்றால் விசிறியும் தளரும். காற்று மிகத் தேவைப்படும் வேளையில் மிகக் குறைவாகக் கிடைக்கும்!

இக்குறை நீங்க இ-டைப்பில் மின்விசிறி வைத்தனர். நீரின் சூடு ஓர் அளவைத் தாண்டியதும் அது தானே சுழலும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருவது? யந்திரம் மெல்லச் சுழலும்போது அக்கால டைனமோ போதிய மின்சாரம் தராது. விளக்குகளும் எரிந்து, விசிறியும் சுழன்றால் பாட்டரி சோரும், விசிறியும் சோரும். வெப்பக் குறை மின்குறையாக உருமாறிவிட்டது. 1964-இல் வந்த 4.2 லிட்டர் வண்டியில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1968-இல் வெளியான இரண்டாம் வரிசையில் வாயையே அகலமாக்கி, இரண்டு விசிறிகளைப் பொருத்தினர். அழகு குன்றியதென்று வருந்துவோர் இன்றும் உண்டு. நானும் அவர் கட்சியே, நெரிசலில் சிக்காதவரையில்.

முதல் வரிசை வண்டியை இன்று வைத்திருப்போர் சிலர், வெளித்தோற்றம் மாறாதபடி வலிய விசிறியையும் அலுமினிய ரேடியேட்டரையும் உள்ளே பொருத்துகின்றனர். பழமை கெடுமென்று மறுப்போரும் உளர். ஆயினும் இந்த யந்திரத்தின் தலைப்பகுதி அலுமினியம், அடிப்பகுதி வார்ப்பிரும்பு. அளவு கடந்த சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. தலை கோணினால், பழமையைக் காத்தவர் யந்திரத்தை இழப்பார்.

சூடுகாட்டும் முள் ஏறத் தொடங்கினால் பழகிய ஓட்டுநர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. குளிர்காலத்தில் வண்டிக்குள் வெதுவெதுப்பூட்டும் ஹீட்டரைக் கோடையிலேயே திறந்துவிடுவர். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. ஓட்டுபவர் கால் வேகும், யந்திரம் பிழைக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அவர் அப்போது தொடமாட்டார். அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் அடங்கியிருக்கும் நீர், மூடி அகன்ற கணமே முகத்தில் பீறிடும்.