அடையாறு முதல் மாநகராட்சிப் பள்ளி வரை: விளையாட்டுவழிக் கற்றலின் வடிவமைப்பு

விளையாட்டுப் பொருள்களை வடிவமைத்தல் இன்று முதுகலைப் படிப்பாகும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதனைக் கற்பிக்கிறது. சென்னையில் அவ்வறிவு ஆசிரியர் பயிற்சியின் வழியே வளர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் சேரும் அடையாற்றின் கழிமுகத்தில், பிரம்மஞான சபை வளாகத்தில், 1939இல் மரியா மாண்டிசோரி பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அவர்தம் கருவிகள் பிழையைக் குழந்தைக்கே காட்டின: உருளைகளை இடம்மாற்றிச் செருகினால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சும்.

2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், மாண்டிசோரி கருவிகளையும் ரிஷிவேலியின் ஏணிமுறையையும் இணைத்தது. அட்டைகளை உருவாக்கியோர் வகுப்பறை ஆசிரியர்களே. 2007இல் இம்முறை மாநிலமெங்கும் விரிந்தபோது அவ்வட்டைகள் அச்சாகிப் பள்ளிகளுக்கு வந்தன. பெரும்பாலான ஆசிரியர்கள் ஆக்குவோராக இன்றிப் பயன்படுத்துவோராயினர். முதுகலைத் துறையாக இது வளருங்கால் இப்பிரிவினை மேலும் விரியாதிருக்க, வகுப்பறை ஆசிரியருக்கு அதில் இடம் வேண்டும்.