கைகளின் அறிவும் கருவியின் அறிவும்

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் தொழிலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அக்கைகளே நம் கண்முன் நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவு மனிதரின் வேலையை என்ன செய்யும் என்று உலகெங்கும் எழும் வினாவை, இவ்வட்டாரத்துக் கைகளின் வரலாற்றைக் கொண்டே நாம் ஆராய்வது தகும்.

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்தனர்; பின்னர் கையால் செய்யும் முறைக்கே மாறினர். ஸ்வீடன் நாட்டு மூலதனத்துடன் 1923இல் தோன்றிய விம்கோ நிறுவனம் இயந்திர ஆலைகளை நடத்திய காலத்தில், வானம் பார்த்த இம்மண்ணின் மலிவான கைகள் அவற்றோடு போட்டியிட்டு நின்றன. பிற்காலத்தில் அரசு அளித்த கலால் வரிச் சலுகையும் அவற்றுக்குத் துணைநின்றது. ஆக, இயந்திரம் வந்த உடனே கைகள் ஓய்ந்துவிடுவதில்லை. கூலியையும் வரியையும் சட்டத்தையும் வகுக்கும் மனிதரே அதனை முடிவு செய்கின்றனர்.

அம்முடிவு எப்போதும் நன்முடிவாக இருந்ததில்லை. மலிவான கைகளைத் தேடியவர்கள் குழந்தைகளின் கைகளையும் விட்டுவைக்கவில்லை. எழுதுகோல் பிடிக்கவேண்டிய விரல்கள் தீக்குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியாகச் செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டது. காலப்போக்கில் குச்சி அடுக்கவும் பெட்டியில் நிரப்பவும் இயந்திரங்கள் வந்தன. குழந்தைகள் விடுபட்டது பெரும் நன்மையே. ஆனால் அவ்வேலையை நம்பி அடுப்பெரித்த பெண்களுக்கு வேறு தொழில் கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் நிற்கிறது.

அச்சுத் தொழிலும் இதே பாடத்தைக் கூறும். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக வீடுதோறும் தொங்கின. ஈய எழுத்துகளைக் கோத்தவர்களின் இடத்தைக் கணினியில் பக்கம் அமைப்போர் பெற்றனர். இன்றோ, சொல்லால் கேட்டதும் படம் வரைந்து தரும் கருவிகள் இவர்களுடைய பணியையும் பங்குபோட வந்துள்ளன. முன்னைய இயந்திரங்கள் கையின் உழைப்பை மேற்கொண்டன. இவை கண்ணின் தேர்ச்சியையும் மனத்தின் தீர்ப்பையும் நாடுகின்றன. மனிதர் ஆக்கிய எண்ணற்ற படங்களிலிருந்தும் எழுத்துகளிலிருந்துமே இவை கற்றன என்பதை நாம் மறத்தலாகாது.

புதியன கற்க நம் மக்களால் இயலாதா? 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த புதிய கலவை முறைகளை ஆலைகள் கற்கத் தொடங்கின. கற்பிப்பார் இருந்தால் கற்பார் உண்டு. மருந்து கலக்கும் அறையில் வெப்பத்தையும் மிகுதியான ஆள்கூட்டத்தையும் கண்டு எச்சரிக்கும் கருவி வருமாயின் அதனை நாம் வரவேற்போம். அதே கருவி, தொழிலாளி மூச்சுவிடும் நேரத்தையும் கணக்கிட்டுக் கூலியைக் குறைக்குமாயின் அதனை எதிர்ப்போம். கருவி ஒன்றே; நோக்கம் வேறு.

மனிதன் உழைப்புக்காக அல்ல, உழைப்பே மனிதனுக்காக என்பது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலின் சாரம். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, 1891இல் தொழிலாளர் உரிமைக்குக் குரல்கொடுத்த பதின்மூன்றாம் லியோவை நினைந்தே அப்பெயரை ஏற்றதாகக் கூறியபோது, செயற்கை நுண்ணறிவையும் உடன் சுட்டினார். 'மனிதவளம்' என்று இன்றைய நிறுவனங்கள் சொல்கின்றன. கரியும் கந்தகமும் வளங்கள்; தீர்ந்தால் வாங்கலாம். அச்சங்குளத்தில் மாண்டவர்களை எந்தச் சந்தையில் வாங்குவது? புதிய கருவி எதுவாயினும், ஆபத்தை அது ஏற்கட்டும். சோறும் கல்வியும் தொழிலாளிக்குச் சேரட்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நம் அனைவரின் கடமை.