இணை மோதிரமும் ஒற்றைக் கல்லும்: சுவிஸ் நிச்சய மோதிர வரலாற்றில் ஒரு மறுப்பு

நிச்சய மோதிரத்தின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் மார்கரெட் பிரினிக் 1990இல் வெளியிட்ட ‘மோதிரங்களும் வாக்குறுதிகளும்’ கட்டுரையோடு மல்லுக்கட்டாமல் நகர முடியாது. மணப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டவன்மேல் வழக்குத் தொடரும் உரிமை அமெரிக்கப் பெண்ணுக்கு இருந்தது. 1935இல் இந்தியானா மாநிலம் அதை ஒழித்தது. அடுத்த பத்தாண்டுகளில் மேலும் பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. நீதிமன்றம் விலகிக்கொண்ட இடத்தில் வைர மோதிரம் பிணைப்பொருளாக வந்தமர்ந்தது என்பது பிரினிக்கின் வாதம். ஆண் பின்வாங்கினால் மோதிரம் பெண்ணிடமே தங்கும். விலை கூடக்கூடப் பிணை வலுக்கும். டி பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு முன்பே வைரத்தின் தேவை ஏறத் தொடங்கியதை அவர் காட்டியது பெரிய பங்களிப்பு. எல்லாப் பழியையும் விளம்பரத்தின் தலையில் கட்டும் சோம்பலை அது உடைத்தது. ஆனால் ‘பிணை’ என்ற அந்த விளக்கத்தை ஒற்றைக் கல் மோதிரம் பரவிய நாடுகளுக்கெல்லாம் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்து அதற்கு நேர் எதிரான சாட்சி.

ஓய்கன் ஹூபர் வரைந்த சுவிஸ் உரிமையியல் சட்டம் 1907 டிசம்பர் 10இல் நிறைவேறி, 1912 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. நிச்சயத்தை முறித்தவர் தரவேண்டிய நட்டஈட்டுக்கு அதில் 92ஆம் பிரிவு இருந்தது. மனவேதனைக்கான ஈட்டுத்தொகைக்கு 93ஆம் பிரிவு இருந்தது. அதே சட்டத்தின் 91ஆம் பிரிவோ, நிச்சயத்தை முறித்தால் இவ்வளவு தண்டம் என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாலும் அதை வழக்காடிப் பெற முடியாது என்றது. பிரினிக் சொல்லும் பிணை, சாரத்தில், முன்கூட்டியே கையில் கொடுத்துவைத்த தண்டம்தானே?

இங்கே ஒரு பாடபேதத்தின்மேல் சற்று நிற்க வேண்டும். நிச்சயம் முறிந்தால் ஒருவருக்கொருவர் தந்த பரிசுகளைத் திரும்பக் கேட்கலாம் என்று 1907இன் 94ஆம் பிரிவு எந்த வகைப் பரிசையும் விலக்காமல் சொன்னது. மரணத்தால் முறிந்தால் மட்டும் கேட்க முடியாது. யார் குற்றம் என்ற கேள்வியே அதில் இல்லை. 1998இல் திருத்தி 2000 முதல் நடப்பிலுள்ள வடிவத்தில் இது 91ஆம் பிரிவாகி, ஒரு விலக்கும் சேர்ந்தது: பிறந்தநாள், பண்டிகை போன்ற சமயங்களில் வழக்கமாகத் தரும் அன்பளிப்புகளைத் திரும்பக் கேட்க முடியாது. மெல்லிய பொன் வளையத்தை இந்த விலக்குக்குள் கொண்டுவர ஒருவர் வாதாடிப் பார்க்கலாம். பல ஆயிரம் பிராங்க் பெறும் ஒற்றைக் கல்லுக்கு அந்த வாதம் எடுபடாது. ஆக, கல் பெரிதாகப் பெரிதாக அது கொடுத்தவரிடம் திரும்பிப் போவதும் உறுதியாகிறது. பிரினிக்கின் தர்க்கம் இங்கே தலைகீழாக நிற்கிறது.

அவர் தரப்புக்கு மிஞ்சும் வலுவான சான்றையும் மறைக்கலாகாது. அதே திருத்தம் மனவேதனைக்கான பழைய 93ஆம் பிரிவை நீக்கிவிட்டது. ஈட்டுத்தொகை போனதால்தான் அதன்பின் விலையுயர்ந்த கல் தேவைப்பட்டது என்று வாதிடலாம். ஆனால் ஈட்டுத்தொகையை எடுத்த அதே கை, மோதிரத்தைப் பெண் வைத்துக்கொள்ளும் உரிமையை ஈடாகக் கொடுக்கவில்லை.

மாற்றத்தின் வேரைச் சட்டத்தில் தேடுவதைவிட மோதிரத்தின் வடிவத்தில் தேடுவதே பொருந்தும் என்று கருதுகிறேன். ஜெர்மன் மொழிப் பகுதிகளின் பழைய வழக்கம் இணை மோதிரம்: கல் பதிக்காத இரு பொன் வளையங்கள், ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. இருவரும் கொடுத்து இருவரும் வாங்கும்போது பிணைக்கு அங்கே வேலையில்லை, ஒன்றுக்கொன்று நேர்செய்துவிடும். இன்று சூரிச்சின் பான்ஹோஃப்ஸ்ட்ராஸே கடைக் கண்ணாடிகளில் ஒற்றைக் கல்லும் நீள்வட்ட வெட்டும் முக்கல் வரிசையும் முன்னே நிற்கின்றன. ஆனாலும் திருமணத்துக்கென்று இணை வளையம் தனியே வாங்கப்படுகிறது. பழைய வழக்கம் அழியவில்லை, ஒரு படி தள்ளிப்போயிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் வரவு என் ஐயத்தை இன்னும் கூட்டுகிறது. மறுவிற்பனையில் விலை நிற்காத கல்லைப் பிணையாக யார் கேட்பார்கள்? பிணையில் முக்கியம் கொடுப்பவரின் செலவுதான் என்று பிரினிக் தரப்பு பதில் சொல்லலாம். அந்தச் செலவையும் இந்தக் கல் குறைத்துவிடுகிறதே.

சுவிஸ் தமிழரிடம் இதே இணை வடிவம் வேறொரு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றுவது இரு பக்கமும் நடக்கிறது. பெண்ணுக்கு மட்டும் உரியது தாலிக்கொடி. சிவில் பதிவுக்கு முன் சமயத் திருமணம் கூடாது என்கிறது சுவிஸ் சட்டத்தின் 97ஆம் பிரிவு. அதனால் பதிவு முன்னால், கோயில் பின்னால். மோதிரத்தைப் பதிவன்றே மாற்றிக்கொள்ளும் குடும்பத்தில் அது நிச்சயப் பரிசே அல்ல; இன்றைய 91ஆம் பிரிவு அதைத் தொடாது. பதிவுக்குச் சில மாதங்கள் முன்பே மாற்றியிருந்தால் தொடும்.

ஒற்றைக் கல் இணை வளையத்தை எந்த ஆண்டில் முந்தியது என்பதற்கு ஆண்டு குறிக்க நான் துணியவில்லை. இரண்டும் நெடுங்காலம் அருகருகே விற்பனையானவை. 2000 என்று எழுதினால் கட்டுரைக்கு வசதி. சட்டத் திருத்தத்தின் தேதியை நகைக்கடையின் தேதியாக்கிவிடும் பிழையும் அதுவே. பிரினிக்கின் 1935ஐயும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும்.