பெயர் சொல்லாததைக் கல் சொல்லும்

பத்துமலைப் படிகளில் ஏறும் அன்பர்கள் அக்குன்றைச் சுண்ணாம்புக்கல் என்றே அறிவர். ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த அக்கல், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பெரும்பாலும் பளிங்காகவே உருமாறிவிட்டது என்பர் நிலவியலார். இதற்கு நேர்மாறான வரலாறு ஆந்திர நாட்டு அமராவதிக்கு உண்டு.

கிருஷ்ணை ஆற்றங்கரையில் சிதைந்து கிடந்த பௌத்தத் தூபியைக் காலின் மெக்கன்சி 1797இல் கண்டார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த சிற்பங்கள் சென்னைக்கு வந்து ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவை 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறின. வெண்மையும் மெருகும் கண்ட ஆங்கிலேயர் அவற்றை 'எலியட் பளிங்குகள்' என்றனர். பெயர் நிலைத்துவிட்டது. கல்லோ பளிங்கன்று, பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

அமிலம் ஒரு துளி விட்டால் இரண்டும் நுரைக்கும். ஆகவே அச்சோதனை உதவாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் உண்மை விளங்கும். பளிங்கில் மணிகள் மீண்டும் படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சுண்ணாம்புக்கல்லில் பழைய படிவின் நுண்துகள்களும் சில வேளை சிப்பியின் தடமும் தெரியும்.

இது கல்லின் இனத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஊரை அறிய வேறு வழி பிறந்தது. சில மில்லிகிராம் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, எழும் கரியமில வாயுவில் எடை 12, 13 உடைய கார்பன் அணுக்களின் விகிதத்தையும், எடை 16, 18 உடைய ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தையும் கருவியால் அளப்பர். ஹார்மன் கிரெய்க்கும் வலேரி கிரெய்க்கும் 1972இல் பரோஸ், நக்சோஸ், பெந்தெலிகோன், ஹைமெட்டஸ் ஆகிய கிரேக்கக் கற்சுரங்கங்களை இவ்வாறு பிரித்துக் காட்டினர். பின்னர் மேலும் பல சுரங்கங்களை ஆராய்ந்தபோது அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. எனவே மணியின் பருமனையும், எலெக்ட்ரான் கதிர் படும்போது கல் விடும் ஒளியையும் சேர்த்தே இன்று முடிவு செய்கின்றனர்.

ஒப்பிடுவதற்குச் சுரங்கத்தின் மாதிரி இல்லையெனில் எந்தக் கருவியும் ஊமையே. கோப்புகளோடு காலம் கழிக்கும் எனக்கு இவ்விடம்தான் உறுத்துகிறது. திருப்பணியின்போது பழைய பீடத்தையும் தளக்கல்லையும் பெயர்த்து லாரியில் ஏற்றிவிடுகிறோம். அவை எவ்வூர்க் கல், யார் காலத்தில் வந்தவை என்ற குறிப்பும் உடன் போய்விடுகிறது. நகக்கண் அளவு சில்லு ஒன்றை உறையிலிட்டு, சுரங்கத்தின் பெயர், ஆண்டு, ரசீது எண் ஆகியவற்றுடன் ஆலயக் கணக்கேட்டில் வைக்க ஐந்து நிமிடம் போதும்.