பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து ஒரு வைட்டமின்

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் பஸ் ஏறிக் கிழக்கே போனால், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி வரும். அங்கே கதர் அங்கியோடு அறுவைக் கூடத்துக்குள் நுழைந்தார் ஒரு மாணவர். வெள்ளைக்காரப் பேராசிரியர் முகம் சுளித்தார். எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர். உடன்பிறந்தவரை கிராணி நோய்க்குப் பறிகொடுத்தவர். 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

அவருடைய உழைப்பு பின்னாளில் கைகொடுத்த வேலை ஒன்று உண்டு: விலங்குச் செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது. அதற்கு அந்நாளில் ரத்தப் பிளாஸ்மாவையும் கோழிக்கருச் சாற்றையும்தான் ஊற்றினார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வாரச் சாறு போல அடுத்த வாரச் சாறு இருக்காது. அப்படியிருக்க, ஒரு சோதனையை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது?

ஹாரி ஈகிள் கடைப்பிடித்த வழி எளிமையானது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில், எலிச் செல்லுக்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்லுக்கும் உணவுப் பொருள்களை எடைபோட்டுக் கலந்து கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். எதை நிறுத்தினால் செல் செத்ததோ, அது இன்றியமையாதது. 1955இல் முதல் பட்டியல் வந்தது. 1959இல் திருத்திய பட்டியல். 13 அமினோ அமிலங்கள், 8 வைட்டமின்கள், உப்புகள், குளுக்கோஸ். ரத்தச் சீரத்தை மட்டும் அவரால் கைவிட முடியவில்லை.

அந்த எட்டு வைட்டமின்களில் ஒன்று ஃபோலிக் அமிலம். அது இல்லாவிட்டால் செல்லால் டி.என்.ஏ.வைப் புதிதாகக் கட்ட முடியாது, பிரியவும் முடியாது. பம்பாயில் ரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துத் தேற்றிய லூசி வில்ஸ், இப்பொருளின் தடத்தை 1931லேயே காட்டியிருந்தார். அதைத் தூய பொருளாகச் செய்துகாட்டியது, லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவ் வழிநடத்திய குழு, 1945இல். கையில் தூய பொருள் இல்லாமல் எடைபோட்ட பட்டியல் ஏது? செல் வளர்க்கும் ஊடகப் புட்டியில் ஈகிளின் பெயர் இருப்பது நியாயம்தான். சுப்பாராவின் பெயரை நம் பாடநூல்களாவது சொல்லியிருக்க வேண்டும்.

அதே குழு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் செய்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றைவகை எதிர்ப்பொருள்களை உருவாக்கியபோது, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லோடு இணையாத புற்றுச் செல்களைக் கொல்ல ஊடகத்தில் சேர்த்தது அதைத்தான். சுப்பாராவ் 1948லேயே காலமாகிவிட்டார்.

ஈகிளின் பட்டியலில் ஃபோலிக் அமிலத்தின் அளவு: லிட்டருக்கு 1 மில்லிகிராம்.