தாளில் அழுத்திய மகுடம்

பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நின்று "ஸ்டாம்பு வாங்கியாச்சா?" என்று யாராவது கேட்டால், நாம் தபால்தலையைத் தேடி ஓடுவதில்லை. அங்கே ஸ்டாம்பு என்றால் முத்திரைத்தாள். அஞ்சலகத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள். இந்த இரண்டில் மூத்தது முத்திரைத்தாள்தான். ஒட்டும் தபால்தலை இங்கிலாந்தில் 1840இல்தான் பிறந்தது. அரசு முத்திரையிட்ட தாளில் எழுதினால்தான் ஆவணம் செல்லும், அந்தத் தாளுக்கு வரி உண்டு என்ற ஏற்பாட்டை ஹாலந்துக்காரர்கள் 1624இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு வித்திட்ட 1765ஆம் ஆண்டின் 'முத்திரைச் சட்டம்' பற்றிப் பள்ளியில் படிக்கும்போது பலர் மனத்தில் எழுவது கடித உறையின் மூலையில் ஒட்டிய தபால்தலை. அந்தப் படத்தை முதலில் அழித்தாக வேண்டும்.

'ஸ்டாம்ப்' என்ற சொல்லின் வேர் ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. இடிப்பது, நசுக்குவது, மிதிப்பது என்பவை அதன் பழைய பொருள்கள். ஓர் அச்சை அழுத்திக் குறி பதிப்பது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. நம்முடைய 'முத்திரை', கணையாழியைக் குறித்த வடமொழி 'முத்ரா'வின் வழிவந்தது. அதற்கும் முன்பு நம்மிடம் 'பொறி' இருந்தது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் சோழ அதிகாரிகள் சுங்கம் கொள்ளும்போது சரக்கு மூட்டைகளில் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. இந்தப் பொருளின் மீது எனக்கு உரிமை உண்டு என்று அரசன் இட்ட குறி அது. எந்த நாட்டு முத்திரையிலும் இந்த உரிமைக் கோரல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

பிரான்சோடு நடந்த போரின் செலவுக்காக இங்கிலாந்து 1694இல் முத்திரைத்தாள் வரியைக் கொண்டுவந்தது. கறப்பதற்கு எளிய வரி என்பதால் போர் முடிந்தும் அது நிலைத்துவிட்டது. 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் நிறுத்திவைக்கத் திட்டமிட்ட படைக்கும் பணம் வேண்டும். பிரதமர் ஜார்ஜ் கிரென்வில், உள்நாட்டில் பழகிப்போன அதே வரியைக் கடல் கடந்தும் விதித்தார். 1765 மார்ச் 22இல் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 1 முதல் நடைமுறை என்று நாள் குறித்தார்கள்.

அந்த ஸ்டாம்பைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். நடுவில் ரோஜா, மேலே மகுடம், 'அமெரிக்கா' என்ற எழுத்து, கீழே தொகை. மை கிடையாது, அச்சை அழுத்தியதால் தாள் புடைத்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். தோல் ஆவணங்களில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. தோல் புடைப்பைத் தாங்கி நிற்காது. அதனால் சிறிய நீலத்தாள் துண்டு ஒன்றைத் தோலில் ஒட்டி, மெல்லிய உலோகப் பட்டையைக் குத்தி இறுக்கி, அந்தத் தாளின் மேல் முத்திரையை அழுத்தினார்கள். உலோக முனைகள் வெளியே தெரியாமலிருக்கப் பின்பக்கத்தில் அரசரின் பெயர்க்குறி அச்சிட்ட இன்னொரு துண்டு. ஒருவர் தன் நிலத்தை விற்க எழுதும் பத்திரத்தின் முன்னாலும் பின்னாலும் லண்டன் வந்து உட்கார்ந்துகொண்டது.

செய்தித்தாளின் அரைத்தாளுக்கு அரைப் பென்னி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடிப் பகடைக்கு 10 ஷில்லிங், பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதினாலோ அச்சிட்டாலோ இரட்டை வரி. பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசியவர்கள் தங்கள் தாய்மொழிக்காகவே கூடுதலாகக் கட்ட வேண்டும். மொழிக்கு விலை வைக்கும் இந்த விதியை நம்மவர்களின் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அந்தச் சட்டத்திலேயே மிகவும் உறைப்பது அதுதான். வரியேய்ப்பு வழக்குகளை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோகவும் சட்டம் இடம் கொடுத்தது.

ஸ்டாம்பு வரி அமெரிக்கர்களுக்குப் புதிதுமல்ல. மாசசூசெட்ஸ் 1755இலும் அடுத்து நியூயார்க்கும் தாங்களாகவே முத்திரை வரி போட்டுக்கொண்டிருந்தன. விதித்தவை அவர்களே தேர்ந்தெடுத்த சபைகள். யாரும் தெருவில் இறங்கவில்லை. பத்தே ஆண்டு கழித்து அதே வகை வரி, அவர்கள் வாக்களிக்காத நாடாளுமன்றத்திலிருந்து வந்தபோது ஊரே திரண்டது. காசு கொடுக்க மனமில்லாத வணிகர்களின் கலகம் என்று இதைச் சுருக்குவோர் 1755ஐக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வரி குறிப்பாக யாரைத் தொட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அச்சகத்தாரும் வழக்கறிஞர்களும்தான் நாள்தோறும் தாளோடு புழங்கியவர்கள். ஊரின் வாயும் அவர்களே. பிலடெல்பியாவின் 'பென்சில்வேனியா ஜர்னல்' அக்டோபர் 31 இதழைக் கல்லறைக் கல் வடிவில் கறுப்புக் கரையிட்டு வெளியிட்டது. ஸ்டாம்பு இருக்க வேண்டிய இடத்தில் மண்டையோடு. பாஸ்டனில் ஆகஸ்ட் 14 அன்றே முத்திரை விநியோக அதிகாரி ஆண்ட்ரூ ஆலிவரின் உருவ பொம்மையை மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நவம்பர் பிறப்பதற்குள் விநியோகிப்பாளர்களில் ஏறக்குறைய எல்லோரும் பதவியைத் துறந்துவிட்டார்கள். தாள் வந்து இறங்கியது, விற்க ஆளில்லை. பல ஊர்களில் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன. ஸ்டாம்பு இல்லாத தாளில் கப்பலுக்கு அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுப்பதே எதிர்ப்பாகிவிட்டது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். எல்லைத் தகராறில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஊர்கள் ஒரே மனுவில் கையெழுத்திட இந்தத் தாள்தான் காரணமாயிற்று.

பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்று அமெரிக்க வணிகர்கள் ஒப்பந்தம் செய்ததும், லண்டன் வணிகர்களே சட்டத்தை நீக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். 1766 மார்ச் 18இல் நீக்கினார்கள். அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்ற அறிவிப்பு. குறியை எடுத்துக்கொண்டு, குறியிடும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். போரின் விதை அங்கேதான் விழுந்தது என்பது என் துணிபு. மறு ஆண்டே கண்ணாடி, ஈயம், வர்ணம், தாள், தேயிலை ஆகியவற்றுக்கு வரி வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் 1770இல் மற்றவற்றை விலக்கினார்கள். தேயிலையை மட்டும், உரிமைக்கு அடையாளமாக, விடவில்லை. 1773 டிசம்பர் 16 இரவு கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் பாஸ்டன் துறைமுக நீரில் விழுந்தன. துறைமுகத்தை மூடித் தண்டித்தது லண்டன். 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1783இல் பாரிஸ் உடன்படிக்கை.

ஸ்டாம்பின் கதை அதோடு நிற்கவில்லை. 1797இல் கம்பெனி வங்காளத்தில் முத்திரைத்தாள் வரியைத் தொடங்கி, பிறகு சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. 'ஸ்டாம்பு வெண்டர்' என்ற சொல் நமக்குக் கிடைத்தது அந்த வழியில்தான். அதே 1797இல் அமெரிக்கக் காங்கிரசும் ஒரு முத்திரை வரிச் சட்டத்தை இயற்றியது. அதில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், 1765இல் தன் சொந்த ஊரான பிரெயின்ட்ரீக்காக அந்த வரியை எதிர்த்து அறிக்கை எழுதிக் கொடுத்த வழக்கறிஞர். இந்த முறை தாளில் மகுடம் இல்லை. பலருக்கு அந்த வரியும் பிடிக்கவில்லை. 1802இல் காங்கிரசே அதை நீக்கியது.